ஒரே நாடாவில் முடிந்த ஓரம்

எனக்கு எண்பத்து மூன்று வயது ஆகிறது. வயிற்றில் பிறந்தவை ஆறு, நாத்தனார் போன பிறகு அவள் விட்டுச் சென்றவை இரண்டு, ஆக எட்டு உருப்படிகளை வளர்த்து ஆளாக்கினேன். எட்டும் கைகால் சுகத்தோடு இருக்கின்றன. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பிள்ளை வளர்த்த பெருமை ஊரில் பாதிப் பேருக்கு உண்டு. எனக்கு அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. ஒரு கணக்குப் புரொபசர் மூன்று வருஷம் உட்கார்ந்து எழுதிய கணக்கில் தப்பு இருக்கிறது என்று நான் காட்டியிருக்கிறேன். இரண்டாம் வகுப்போடு நின்றவள் காட்டியிருக்கிறேன். வாயால் சொன்னால் பிள்ளைகள், "ஆயா ஆரம்பிச்சுட்டாங்க" என்று எழுந்து போய்விடுகிறார்கள். எழுத்துக்கு அப்படி எழுந்து போக முடியாது. அதனால் எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும்.

சண்டைக் காலம். அரூர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. கடைவீதிக்குப் பின்னால் ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் இரண்டு குடித்தனம் இருக்கும்படி ஒரு வீடு, அதில் ஒரு பக்கம் நாங்கள். என் வீட்டுக்காரர் தையற்காரர். மிஷின் கடையில் இருக்கும். மிஷினுக்கு வசப்படாத வேலையெல்லாம் வீட்டுக்கு, என் கைக்கு வரும். காஜா எடுப்பது, ஓரம் மடிப்பது, ஓரத்துக்கு நாடா வைப்பது.

ஓரம்தான் என் வேலை. ஒரு துணியைக் கையில் எடுத்தால் மற்றவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், நான் ஓரம் எத்தனை என்று பார்ப்பேன். எண்ணும் விதம் இது. ஓர் இடத்தில் முடிச்சுப் போட்டு ஆரம்பிக்க வேண்டும். ஓரத்தை விடாமல் விரலால் தடவிக்கொண்டே போக வேண்டும். விரல் முடிச்சுக்கே திரும்பி வந்தால் ஒரு ஓரம் முடிந்தது. இன்னும் தொடாத ஓரம் மிச்சம் இருந்தால் புது நாடா வெட்ட வேண்டும். தலையணை உறைக்கு ஒரே ஓரம். தலை வழியாகப் போட்டுக்கொள்ளும் சட்டைக்கு நான்கு: கழுத்து, இரண்டு கை, கீழ்ச்சுற்று. அதே சட்டையை முன்பக்கம் திறந்து வைத்தால் கழுத்தும் கீழ்ச்சுற்றும் ஒன்றாகச் சேர்ந்து மூன்றாகிவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாடா வெட்டி வெட்டிக் கண்டது.

பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய வருஷத்தில், பக்கத்துக் குடித்தனத்துக்கு ஒரு புரொபசரும் அவர் சம்சாரமும் வந்தார்கள். காலேஜை மூடிவிட்டார்களாம். அந்த அம்மாவின் சொந்தக்காரர் ஒருவர் தாலுகா ஆபீசில் இருந்தார், அவர் பிடித்துக்கொடுத்த வீடு. புரொபசர் ஒல்லி, நல்ல உயரம், நிலைப்படியில் தினம் ஒருமுறை தலையை இடித்துக்கொள்வார். அந்த அம்மாவுக்கு அப்போது ஐந்து மாதம்.

கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. அந்த அம்மா தண்ணீர் சேந்தக் கூடாது என்று நானே இறைத்து ஊற்றுவேன். அப்படித்தான் பேச்சு பழகியது.

"அவர் என்ன எழுதறார்னு எனக்கும் தெரியாது" என்றார் ஒருநாள். "மூணு வருஷமா எழுதறார். இது சீமையில அச்சாச்சுன்னா காலேஜ்ல வேலையை நிரந்தரம் பண்ணுவாங்களாம். இல்லேன்னா வருஷா வருஷம் கையைக் கட்டிண்டு நிக்கணும். பிள்ளை வேற வரப்போறது."

"அச்சாயிருங்கம்மா. அவ்வளவு எழுதியிருக்காரு."

"அதைத்தான் நானும் சுவாமிகிட்ட சொல்லிண்டிருக்கேன்."

புரொபசர் என்னிடம் பேசியது அதற்கு இரண்டு மாதம் கழித்து. நான் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து ஒரு சட்டையைத் தடவிக்கொண்டிருந்தேன். அவர் எழுதி எழுதிக் கை வலித்து வெளியே வந்தார் போல.

"என்னம்மா, தைக்காம அந்தத் துணியைச் சுத்திச் சுத்தி வரே?"

"ஓரம் எண்ணறனுங்க சார்."

அவர் சிரித்துவிட்டார். "நானும் கிட்டத்தட்ட அதைத்தான் பண்றேன். உனக்குப் பெருக்கல் தெரியுமோ?"

"அஞ்சாம் வாய்ப்பாடு வரைக்கும் தெரியுங்க."

"எண்ணை மட்டும் இல்லே, உருவத்தையும் பெருக்கலாம். இந்த நூலை நேரா வெச்சு அப்படியே பக்கவாட்டிலே இழுத்துண்டே போறேன்னு வெச்சுக்கோ. போன வழியெல்லாம் சேர்ந்தா என்ன?"

"துணிங்க."

"நூல் பெருக்கல் நூல், துணி. வளையலை மேலே இழுத்துண்டே போனா?"

"குழாயிங்க."

"துணியை மேலே இழுத்துண்டே போனா?"

"மெத்தைங்க."

"பாத்தியா, உனக்கே தெரியறது. இப்போ கேளு. ரெண்டு பேர் கையிலே ஆளுக்கு ஒரு உருவம் இருக்கு. ரெண்டு பேரும் ஒரே உருவத்தாலே பெருக்கறா. வந்த விடை ரெண்டும் ஒண்ணா இருக்கு. அப்போ மொதல்ல கையிலே வெச்சிருந்தது ரெண்டும் ஒண்ணா, வேறயா?"

"ஒண்ணுன்னா எப்படீங்க, அளவுலயா?"

"அளவைப் பத்தி எனக்குக் கவலை இல்லே. இழுக்கலாம், சுருக்கலாம், வளைக்கலாம். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. அப்படி ஒண்ணை இன்னொண்ணா ஆக்க முடிஞ்சா, ரெண்டும் ஒண்ணு."

நான் யோசித்தேன். ஒரே எண்ணால் பெருக்கி இரண்டு பேருக்கும் பன்னிரண்டு வந்தால், இருவர் கையிலும் முதலில் ஒரே எண்தான் இருந்திருக்க வேண்டும். அதையே சொன்னேன்.

"அதேதான்!" என்று தொடையைத் தட்டினார். "ரெண்டு பக்கமும் பொதுவா இருக்கறதை அடிச்சு விட்டுடலாம். உருவத்திலேயும் அப்படி அடிச்சு விட்டுடலாம்னுதான் நான் எழுதியிருக்கேன். நீயே சொல்லிட்டே."

நியாயமாகத்தான் பட்டது. எனக்கே பெருமையாக இருந்தது, புரொபசர் மூன்று வருஷம் எழுதியதை நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன் என்று. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. நியாயமாகப் பட்டதுதான் தப்பு.

அந்தச் சமயத்தில் பட்டாளத்துக்குச் சாமான் அனுப்பும் சேலத்துக் காண்டிராக்டர் ஒருவர், முதுகுத் திண்டு தைக்கும் வேலையை என் வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்தார். சுமை தூக்குபவர்கள் முதுகுக்கு வைத்துக்கொள்வது. கெட்டித் துணியில் ஒரு பலகை அகலத்துக்கு உடம்பு. அதன் மேல் ஓரத்தில் வரிசையாக நான்கு இடத்தில் குறி. அந்தக் குறிகளில் இரண்டு அகல வார்களைத் தைக்க வேண்டும். முதல் குறியிலும் இரண்டாவது குறியிலும் ஒரு வாரின் இரண்டு நுனி, மூன்றாவதிலும் நான்காவதிலும் அடுத்த வாரின் இரண்டு நுனி. கைகளை விட்டுக்கொள்ள இரண்டு வளையம், பக்கத்தில் பக்கத்தில். பிறகு உடம்பு, வார் எல்லாவற்றுக்கும் ஓரம் விடாமல் நாடா. அதன் பிறகு உள்பக்கம் இன்னொரு துணி வைத்து, வார் உட்பட இலவம்பஞ்சு அடைத்துவிடுவார்கள்.

எழுதின எண் எனக்குச் சட்டென்று பிடிபடாது என்று வீட்டுக்காரர் சாக்குக்கட்டியால் அடையாளம் போட்டுத் தருவார். ஒரு வாருக்குக் கோடு, இன்னொரு வாருக்குச் சிலுவை. கோடு, கோடு, சிலுவை, சிலுவை என்று இருக்கும். கோட்டோடு கோட்டைச் சேர், சிலுவையோடு சிலுவையைச் சேர். நாடாவையும் முன்கூட்டியே மூன்றாக வெட்டி வைத்துக்கொள்வேன். இரண்டு வளையத்தின் உள்சுற்றுக்கு இரண்டு சின்னத் துண்டு, வெளிச்சுற்றுக்கு ஒரு நீளத் துண்டு.

ஒருநாள் காலையில் ஒரு திண்டுக்கு நீளத் துண்டை வைத்துத் தைத்துக்கொண்டே போனேன். துண்டு தீர்ந்துவிட்டது, ஆனால் விரல் முடிச்சுக்கு வந்து சேரவில்லை. அளவு தப்பிவிட்டதோ என்று ஒரு சின்னத் துண்டை எடுத்து ஒட்டுப்போட்டுத் தொடர்ந்தேன். அதுவும் தீர்ந்தது. அடுத்ததையும் சேர்த்தேன். அது தீரும் இடத்தில் முடிச்சு வந்தது. சரி, உள்சுற்றுக்கு வேறு நாடா வெட்டுவோம் என்று பார்த்தால், நாடா வைக்காத ஓரம் ஒரு விரற்கடை கூட மிச்சம் இல்லை. உள்சுற்று, வெளிச்சுற்று என்று தனியாக ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரே ஓரம்.

மூன்று ஓரத் திண்டு எப்படி ஒரு ஓரத் திண்டு ஆகும்? தூக்கிப் பார்த்தேன். வார் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போயிருந்தது. குறியைப் பார்த்தேன். கோடு, சிலுவை, கோடு, சிலுவை. முதலாவதும் மூன்றாவதும் ஒரு வார், இரண்டாவதும் நான்காவதும் இன்னொரு வார்.

திண்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். "இதப் பாருங்க, குறியைத் தப்பாப் போட்டுட்டீங்க."

"நானா? நீ தப்பாப் பாத்திருப்பே."

"குறி இன்னும் அழியல. கண்ணத் தொறந்து பாருங்க."

அவர் பார்த்தார். "சாக்குக்கட்டி ஒழுங்காத்தான் போட்டுது, துணிதான் நகந்திருக்கு" என்றார். அவர் சாகும்வரை அந்த வழக்கு எங்களுக்குள் முடியவில்லை. இதே தப்புக் குறி போட்ட வேறு ஒரு திண்டை எனக்கு முன்பே அவர் மிஷினில் ஓட்டி, பஞ்சும் அடைத்து வைத்திருந்தார். அதைத் தூக்கி உதறிவிட்டு, "போ புள்ளே, பஞ்சு அடைச்சா ரெண்டும் ஒண்ணுதான். எவனுக்குத் தெரியப்போவுது" என்றார்.

அவர் சோம்பலுக்குச் சொன்னது. எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பஞ்சு அடைத்தால் இரண்டும் ஒன்றுதான். மெய்தானா? புரொபசர் சொன்ன மெத்தை இதுதானே. துணியை மேலே இழுத்துக்கொண்டே போனால் மெத்தை.

மறுநாள் விடிந்ததும் அடைக்கு ராகி மாவு பிசைந்தேன். வெந்நீர் விட்டுப் பிசைந்த மாவு, இளஞ்சூடாக, சொன்னபடி வளைந்தது. அதில் தடியாக ஒரு தட்டு செய்து, அந்தத் தப்பான திண்டு மாதிரியே இரண்டு வார் வைத்தேன். கோட்டு வார் மேலே, சிலுவை வார் அதன் அடியில் குறுக்கே. பிறகு சிலுவை வாருக்கு இரண்டாவது குறியில் ஒரு நுனி இருக்கிறதே, கோட்டு வாரின் இரண்டு காலுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருப்பது, அதைப் பிய்க்காமல், ஈரக் கையால் அழுத்தி அழுத்தி நகர்த்தினேன். துணியாக இருந்தால் அந்த நுனிக்குப் போக வழியே இல்லை. துணியின் ஓரம் வரப்பு மாதிரி, எதிரில் ஒரு மாடு நின்றால் அதைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் மாவுக்குத் தடிமன் உண்டு. நுனியை ஓரத்திலிருந்து அடிப்பக்கத்துக்கு இறக்கி, கோட்டு வாரின் காலைச் சுற்றிக் கொண்டுபோய், அந்தப் பக்கம் மேலே ஏற்றிவிட்டேன். வெட்டவில்லை, ஒட்டவில்லை. இரண்டு வாரும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. சரியான திண்டு.

ஆக, பஞ்சு அடைத்தால் இரண்டும் ஒன்றேதான். ஆனால் துணியாக இருக்கும்போது ஒன்றுக்கு ஒரு நாடா, இன்னொன்றுக்கு மூன்று. துணியை எத்தனை இழுத்தாலும் நீட்டினாலும், வெட்டாமல் ஒட்டாமல் இருக்கும்வரை நாடா எண்ணிக்கை மாறாது. அது என் தொழில், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு வேறு துணி. இரண்டையும் ஒரே தடிமனால் பெருக்கினால் ஒரே மெத்தை. அப்படியென்றால் அந்தத் தடிமனை அடித்துவிட முடியாது. அப்படியென்றால் புரொபசர் எழுதியது தப்பு.

மாவுக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள்தான் அந்த அம்மா கிணற்றடியில் சொல்லியிருந்தார், சுத்தமாக எழுதி முடித்தாகிவிட்டது, வெள்ளிக்கிழமைத் தபாலில் போகிறது என்று. அன்றைக்குத் திங்கள். அந்த அம்மாவுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. நான் வாயைத் திறந்தால் அந்த நிரந்தர வேலை போகும். திறக்காவிட்டால் சீமையில் யாராவது கண்டுபிடித்துச் சிரிப்பார்கள், அப்போதும் போகும், பேரும் சேர்ந்து போகும். ஓரம் தப்பாக மடித்ததைத் துவைக்கும் முன்னே பிரித்தால் ஊசித்தடம்கூடத் தெரியாது. துவைத்த பிறகு பிரித்தால் அந்தக் கோடு சாகும்வரை துணியில் இருக்கும். அப்படி யோசித்துத்தான் எழுந்தேன். தப்பான திண்டு ஒன்று, சரியான திண்டு ஒன்று, இரண்டும் பஞ்சு அடைக்காதவை, மாவு ஒரு தட்டில். போனேன்.

மேஜை மேல் பழுப்புக் காகிதத்தில் கட்டுக் கட்டி, பக்கத்தில் அரக்கு வைத்திருந்தார்.

"என்னம்மா, அடை கொண்டுவந்திருக்கியா?"

"இல்லீங்க சார். தப்பா நெனைக்காதீங்க. அடிச்சு விட்டுடலாம்னு சொன்னீங்களே, அது ஆவாதுங்க."

"எது ஆகாது?"

"மெத்தை ஒண்ணா இருந்தா துணியும் ஒண்ணுங்கறது."

சிரித்தார். கோபமில்லாத சிரிப்புதான். நான் இரண்டு திண்டையும் விரித்து, ஓரத்தைத் தடவிக் காட்டினேன். அவரும் தன் விரலால் தடவினார். மூன்று, ஒன்று. "ம், இது ரெண்டும் வேறதான், சரி" என்றார். பிறகு மாவை எடுத்து மறுபடி தப்பான திண்டாகப் பிடித்தேன். நுனியை நகர்த்தும்போது பாதி வழியில் பட்டென்று விண்டுவிட்டது.

"பாத்தியா, பாத்தியா! பிய்க்காம வராது. பிய்ச்சா வெட்டின மாதிரி."

"மாவு ஆறிப்போச்சுங்க சார். ஆறினா ராகி விண்டுரும். இருங்க, வெந்நி வெச்சு வேற பெசைஞ்சிட்டு வர்றன்."

"அதுக்கு அவசியமே இல்லேம்மா..."

"இருங்க சார்."

ஓடிப்போய்த் தண்ணீர் கொதிக்க வைத்து, இன்னும் இளக்கமாகப் பிசைந்து, தப்பான திண்டாகவே பிடித்துக்கொண்டு வந்தேன். இந்த முறை நான் செய்யவில்லை. "நீங்களே பண்ணுங்க. ஒங்க கையி பிய்க்குதா இல்லையான்னு ஒங்களுக்கே தெரியும்" என்று தட்டை அவர் முன்னால் வைத்தேன். அவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டார். அழுத்தினார், நகர்த்தினார். அடிப்பக்கம் இறங்கி, காலைச் சுற்றி, மேலே ஏறி, நின்றது. கையெல்லாம் ராகி. பிறகு அந்த மாவுக் கையாலேயே அந்தக் கட்டைப் பிரித்தார். பக்கம் பக்கமாகத் தள்ளி, நடுவில் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இங்கே. ஒரு மெத்தையை இன்னொண்ணா வளைக்கறச்சே ஓரம் ஓரத்துக்குத்தான் போகும்னு எழுதியிருக்கேன். ஏன் போகணும்? உன் நுனி ஓரத்தை விட்டு அடிப்பக்கம் இறங்கித்தே." என்னைப் பார்த்தார். "மூணு வருஷம். இந்த ஒரு வரியை நான் ஒரு தடவைகூடச் சந்தேகப்படலேம்மா."

அந்த அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. பிரித்த காகிதத்தைப் பார்த்தார், அதில் அப்பியிருந்த மாவைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"நாலு நாள் கழிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று என்னைக் கேட்டார்.

புரொபசர்தான் சொன்னார். "நாலு நாள் கழிச்சுன்னா இவ சொல்லியிருக்க மாட்டா. ஊரே சொல்லியிருக்கும்."

அந்த வெள்ளிக்கிழமைத் தபாலில் அரூரிலிருந்து சீமைக்கு ஒன்றும் போகவில்லை.

அந்த அம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். நான் தண்ணீர் இறைத்து வைப்பேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்துப் போவார். வீட்டுக்காரர் வேறு, "ஒனக்கெதுக்கு புள்ளே புரொபசர் கணக்கு? இனிமே எங்கணக்கையும் திருத்துவியா?" என்று கிண்டல். "ஒங்க குறியைத்தான மொதல்ல திருத்தினன்" என்றேன். ஆனாலும் உள்ளுக்குள் எனக்கு அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஒரு குடும்பத்தின் சோற்றில் கைவைத்துவிட்டோமோ என்று.

இருபது நாள் போயிருக்கும். அந்த அம்மா ஒரு பழைய புடவையை வெட்டி, பக்கம் மட்டும் மூட்டி எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். பிறக்கப்போகும் பிள்ளைக்குச் சட்டை. ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"இதுக்கு எத்தனை ஓரம்?"

"நீங்களே எண்ணுங்கம்மா."

விரலை வைத்துத் தடவினார். "மூணு."

"நீங்க கையால புடிச்சிருக்கற எடத்த விட்டுட்டீங்க. நாலு."

"போடி, உங்கிட்ட யார் ஜெயிக்கறது" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம்தான் சொன்னார், புரொபசர் பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு ஒன்று எழுதுகிறார் என்று. அடித்துவிட முடியாது, இதோ பாருங்கள் இரண்டு துணி, என்று எழுதுகிறாராம்.

எழுதி முடித்ததும் புரொபசர் எங்கள் வீட்டுக்கு வந்து, நிலையில் இடித்துக்கொண்டு, உட்கார்ந்தார். என் பேரை அதில் போட வேண்டும் என்றார். வீட்டுக்காரர், "பொம்பளை பேரு அச்சுல எதுக்குங்க சார்? நாளைக்குப் பத்துப் பேரு கேப்பான்" என்றார். எனக்கு ஆசைதான். அந்தக் காலத்தில் ஆசை என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில், அரூரில் துணி ஓரம் தைக்கும் ஒரு பெண் இதைக் காட்டினாள் என்று மட்டும் இங்கிலீஷில் ஒரு வரி எழுதினார். அதைத் தமிழில் சொல்லிக் காட்டச் சொன்னேன். சொன்னார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். அதற்கும் சொன்னார்.

கப்பல் தபால், சண்டைக் காலம், பதில் வர வெகுநாள் ஆனது. அதற்குள் அவருக்குப் பெண் பிறந்து குப்புற விழ ஆரம்பித்துவிட்டது. பதிலை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"சரியா எழுதியிருக்கேன்னு சொல்றாம்மா. ஆனா இது அங்கே ரெண்டு மூணு பேருக்கு முன்னாடியே தெரியுமாம். புதுசில்லேன்னு திருப்பி அனுப்பிட்டா."

"அவங்களுக்கு யாரு சார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டா. அவாளே கண்டுபிடிச்சிருப்பா."

"நானுந்தான கண்டுபுடிச்சன்."

"ஆமாம்மா. நீயுந்தான்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எனக்குக் கிடைத்தது. எனக்கு அது போதும் என்று பொய் சொல்ல மாட்டேன், அச்சில் வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னவர் சும்மா சொல்கிறவர் இல்லை. தன் மூன்று வருஷத்தைத் தன் கையாலேயே பிரித்துப் போட்டவர்.

வேலையும் போகவில்லை. பட்டணத்துப் பயம் தணிந்து அவர்கள் திரும்பிப் போன மறுவருஷம் அந்த அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. தான் எழுதியதில் தானே தப்புக் கண்டு நிறுத்திக்கொண்டவர் என்று காலேஜில் பெரியவருக்கு இவர் மேல் மதிப்பு வந்து, வேலையை நிரந்தரம் செய்துவிட்டாராம். கடைசியில், "நாலு நாள் கழித்துச் சொல்லாததற்கு நமஸ்காரம்" என்று எழுதியிருந்தார். அதை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். வேறு யாரையும் படிக்க விடவில்லை.

ஊரை விட்டுப் போகும் அன்று புரொபசர் இன்னொன்று சொன்னார். "இழுக்கறது, வளைக்கறது மட்டும் இல்லாம, துணியை நூல் அளவுக்கு ஒடுக்கிக்கலாம்னு வேற ஒரு கணக்கு இருக்கும்மா. அந்தக் கணக்கிலே உன் ரெண்டு திண்டும் ஒண்ணாப் போயிடும். ரெண்டுமே ஒட்டிண்ட ரெண்டு நூல் வளையம், அவ்வளவுதான். ஆனா அந்தக் கணக்கிலும் பெருக்கினதை அடிச்சு விடலாமாங்கற கேள்வி அப்படியேதான் நிக்கறது. எனக்குத் தெரியலே." நான், "அதுக்கும் ஒரு துணி கெடைக்கும் சார்" என்றேன்.

என் கடைசி மகனின் பெண் சேலத்தில் கணக்கு எம்.எஸ்ஸி. படிக்கிறாள். போன மாசம் லீவில் வந்தவளிடம் இந்த ஒடுக்குகிற கணக்கைக் கேட்டேன். திருதிருவென்று விழித்தாள். பிறகு தன் காலேஜ் புரொபசரிடம் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். அந்தக் கணக்கிலும் அடித்துவிட முடியாதாம். வெகுகாலம் கழித்து யாரோ காட்டினார்களாம். ஆனால் அந்த உருவத்தைத் துணியில் தைக்க முடியாது, கண்ணால் பார்க்கவும் முடியாது என்றாள். முடியாததை மற்றவர்கள் செய்யட்டும். முடிந்ததை நான் செய்தேன்.

முழுக் கதையையும் கேட்டவளுக்கு, இது அச்சில் வராமல் போனது பொறுக்கவில்லை. "ஆயா, இத எழுதி வெச்சா எங்க காலேஜ் மலர்ல போடலாம்" என்றாள். அச்சில் வரும் என்றதும் நான் பென்சிலை எடுத்தேன். இன்று அவள் மறுபடி வந்திருக்கிறாள், நோட்டை வாங்கிப் பையில் வைக்கப் போனாள். கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.

இரு கண்ணு, அதுக்குள்ள பையில வைக்காதே. இப்படி வெளிச்சத்துல உக்காந்து மொதல்ல இருந்து ஒருக்கா வாசி, நான் கேக்கறன். அந்த நாலு குறி வர்ற எடத்த மட்டும் ரெண்டு தரம் வாசி. கோடு, சிலுவை மாறிப்போயிருந்தா இப்பவே சொல்லு.